கோப்பை வாங்கிய அணி எங்கே போனது?

ஒரு சின்ன க்விஸ். கூகுளைத் தொடாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஐ-லீக் கால்பந்துக் கோப்பையை வென்ற ஒரே தமிழ்நாட்டு அணி எது?

கிளாஸில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் "சென்னையின் எஃப்.சி." என்றார்கள். ஒருத்தன் மட்டும் "நமக்கெல்லாம் ஃபுட்பால் எதுக்குடா?" என்றான். நாலு பேருக்கும் முட்டை மார்க். சென்னையின் எஃப்.சி. வென்றது ஐ.எஸ்.எல்., இரண்டு தடவை (2015, 2017-18). நான் கேட்டது ஐ-லீக். பதில், சென்னை சிட்டி எஃப்.சி. வென்ற பருவம் 2018-19.

பதில் தெரியாததில் தப்பே இல்லை. ஏனென்றால் அந்த அணியே இப்போது இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருடம் முடிவதற்குள் லீக் பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ குடித்துக்கொண்டே படிக்கலாம் :-)

படவேட்டில் உட்கார்ந்துகொண்டு கோயம்புத்தூரில் ஆடிய ஒரு அணிக்காக எதற்கு அழ வேண்டும் என்று கேட்பவர்கள் கடைசி வரை படிக்கவும். நடுவில் தறி வருகிறது. ஆரணிப் பக்கத்து ஆட்கள் எதைப் பேசினாலும் நடுவில் தறி வந்துவிடும், என்ன செய்ய!

முதலில் கதை

சென்னை சிட்டி ஐ-லீகில் நுழைந்தது 2016-17 பருவத்தில். கீழ் டிவிஷனில் ஆடி மேலே ஏறி வரவில்லை, நேரடியாக இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பஞ்சாபின் மினர்வா அணியும் அதே வருடம் அதே வழியில் வந்தது. முதல் வருடம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடினார்கள். 10 அணிகளில் 8-வது இடம். அடுத்த வருடம் கோவைக்குப் போனார்கள். அங்கேயும் ஒரு நேரு ஸ்டேடியம், மறுபடியும் 8-வது இடம். பெயரில் சென்னை, ஆடுவது கோவையில், இடம் மட்டும் மாறவே இல்லை.

இரண்டாவது வருடம் தோற்றாலும் ஒரு ஆள் வெளியே தெரிந்தார். மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை என்ற கடலோர மீனவக் கிராமத்துக்காரர். நன்றாக ஆடினார், அடுத்த பருவமே ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் அவரைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

மூன்றாவது வருடம் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் பெத்ரோ மான்சி, அவருக்குப் பந்து கொடுக்க நெஸ்தர் கோர்டியோ. கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம ஊர்ப் பையன்கள். மான்சி அந்தப் பருவத்தில் அடித்தது 21 கோல்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை. வழுக்கினால், கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு அது போகலாம். எதிரணி மினர்வா. ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டம் வரைக்கும் 0-1. அதற்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் முன்னால் வந்து இரண்டு கோல் அடித்தார். 3-1. அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்துவிட்டது. கடைசிக் கணக்கு: சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி!

சினிமாவில் எடுத்தால் "ஓவர் பில்டப்" என்பார்கள். நிஜமாக நடந்தது.

இனிமேல்தான் சோகம். அந்த 2019-லேயே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் கிளப் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பாக்காரனே வந்துவிட்டான், இனிமேல் கவலை இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியோடு ஆடி 0-1 என்று தோற்றார்கள். கோர்டியோ ஹைதராபாத்துக்கும், எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும், மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கும், ரொமாரியோ கோவாவுக்கும் போனார்கள். பிறகு கொரோனா. 2020-21 பருவம் முழுக்க கொல்கத்தா பக்கம் அடைத்து வைத்து நடத்தினார்கள். 2021-22 ஐ-லீக் பட்டியல் வந்தபோது சென்னை சிட்டி அதில் இல்லை.

அவ்வளவுதான். முடிந்தது.

யாரைத் திட்டுவது?

முதலாளியைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. கால்பந்துக் கிளப் நடத்துவது என்ன செலவு என்று யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து பேருக்குச் சம்பளம், வெளிநாட்டு ஆட்களுக்கு வீடு, ஸ்ரீநகரிலிருந்து ஐஸால் வரைக்கும் விமான டிக்கெட், ஸ்டேடியம் வாடகை. வரவு என்று பார்த்தால் ஐ-லீகில் டிவி பணமும் பெரிதாக இல்லை, டிக்கெட் பணமும் இல்லை.

அதற்கு மேல் ஒரு அநியாயம். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இரண்டாம் லீகில் முதலில் வந்தால் மேல் லீகுக்கு ஏற்றுவார்கள். இங்கே சென்னை சிட்டி கோப்பை வாங்கிய அதே 2019-ல்தான் ஐ.எஸ்.எல்.தான் இனி நாட்டின் முதல் லீக் என்று முடிவாயிற்று. ஐ-லீகில் ஜெயித்தால் மேலே ஏறலாம் என்ற கதவைத் திறந்தது 2022-23 பருவத்தில். அந்தக் கதவு வழியாக முதலில் உள்ளே போனது யார் தெரியுமா? 2019 மார்ச்சில் கோவையில் 1-3 என்று தோற்ற அதே மினர்வாவின் வாரிசு, பஞ்சாப் எஃப்.சி. நடுவில் கை மாறினார்கள், தாக்குப் பிடித்தார்கள், ஏறிவிட்டார்கள். சென்னை சிட்டிக்கு அந்த மூன்று வருடம் தாக்குப் பிடிக்க முடியவில்லை.

எனவே லீக் நடத்தியவர்கள் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் எனக்கு இடிக்கும் விஷயம் வேறு. அணி நின்றபோது "ஐயோ, எங்கள் அணி" என்று கேட்க ஆள் இருந்தார்கள். கேட்கும் உரிமைதான் யாருக்கும் இல்லை. ரசிகன் டிக்கெட் வாங்கினான், ஆரஞ்சு ஜெர்சி வாங்கினான், கத்தினான். கணக்குப் புத்தகத்தில் அவன் பெயர் எங்கும் கிடையாது. கடைக்கு வந்த வாடிக்கையாளர் மாதிரி. கடை மூடினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக வேண்டியதுதான்.

இது முதல் சாவு இல்லை

இந்தியக் கால்பந்தில் இது ஒரு தொடர்கதை. 1996-97-ல் முதல் தேசிய லீகை வென்றது ஜே.சி.டி. பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரில் இருக்கும் துணி மில்லின் அணி. 1971-ல் ஆரம்பித்தது. ஐ.எம். விஜயன், பாய்சுங் பூட்டியா எல்லாம் அதில் ஆடியவர்கள். இளம் சுனில் சேத்ரியும்கூட. 2011-ல் நிர்வாகம் அணியைக் கலைத்துவிட்டது. 2005-06 சாம்பியன் மும்பையின் மஹிந்திரா யுனைட்டெட். 1962-ல் பிறந்த அணி, 2010-ல் மூடினார்கள். பக்கத்துக் கேரளாவில் எஃப்.சி. கொச்சின் 1997-ல் ஆரம்பித்து அதே வருடம் டுராண்ட் கோப்பையை மோகன் பகானிடமிருந்து தட்டிப் பறித்தது. ஐந்தாறு வருடத்தில் காலி.

ஆக, தேசிய லீகை ஜெயித்த அணிகளிலேயே மூன்று இப்படிப் போயிருக்கின்றன. ஜே.சி.டி., மஹிந்திரா, சென்னை சிட்டி. மூன்றுமே நன்றாக ஆடாததால் சாகவில்லை. ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து "போதும்" என்று முடிவு செய்ததால் செத்தன.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். மோகன் பகான் 1889-ல் ஆரம்பித்தது. ஈஸ்ட் பெங்கால் 1920. வெள்ளைக்காரன் ஆட்சி, பிரிவினை, பணமில்லாத வருடங்கள், கோஷ்டிச் சண்டை, கோர்ட், எல்லாம் பார்த்துவிட்டன. இன்னும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உறுப்பினர்கள் உண்டு. சந்தா கட்டுகிறவர்கள், நிர்வாகிகளுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்.

2020-ல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ஏ.டி.கே.யோடு சேர்ந்தபோது பெயர் "ஏ.டி.கே. மோகன் பகான்" ஆயிற்று. ரசிகர்கள் விடவில்லை. ஏ.டி.கே.யை எடு, எடு என்று ஸ்டேடியத்திலும் தெருவிலும் மூன்று வருடம் கத்தினார்கள். 2023-ல் ஏ.டி.கே. என்ற முன்னொட்டு போய், மோகன் பகான் சூப்பர் ஜயன்ட் ஆனது. முழு வெற்றி இல்லை, பின்னால் ஒரு கம்பெனிப் பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் 130 வருடப் பழைய பெயரின் முன்னால் வேறு எதுவும் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சாதித்தார்கள்.

வேல்ஸ் வரைக்கும் ஒரு நடை

இந்த விஷயத்தைத் தோண்டும்போது வேல்ஸ் நாட்டுக் கிராமக் கிளப்களின் கதைகள் கண்ணில் பட்டன. ரொம்பச் சின்ன நாடு. மொத்த மக்கள்தொகையே சுமார் 30 லட்சம். அங்கே லான்சன்ட்ஃப்ரைட் என்று ஒரு கிராமம். ஆயிரம் பேர் அளவுக்குத்தான் ஜனம். நம்ம படவேடு அம்மன் கோயிலுக்கு ஆடி வெள்ளியன்று வரும் கூட்டத்தில் அந்த ஊரே தொலைந்து போகும். அந்த ஊர்க் கிளப் 1996-ல் வேல்ஷ் கோப்பையை வென்று ஐரோப்பியப் போட்டியில் போலந்து அணியோடு ஆடியது.

அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஸ்பான்சராக வந்தது. டோட்டல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ். முதலில் ஊர்ப் பெயருக்கு முன்னால் கம்பெனிப் பெயர். அடுத்த கட்டத்தில் ஊர்ப் பெயரே போய்விட்டது, கிளப்பின் பெயரே கம்பெனிப் பெயர்! 2003-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்தில் இருக்கும் ஆஸ்வெஸ்ட்ரி என்ற ஊரின் கிளப்போடு இணைத்தார்கள். 2005-ல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் லிவர்பூலோடு ஆடினார்கள். 2006-ல் அந்தக் கம்பெனியை வேறு கம்பெனி வாங்கிவிட, பெயர் மறுபடி மாறி "தி நியூ செயின்ட்ஸ்". ஆடும் மைதானமும் ஆஸ்வெஸ்ட்ரிக்குப் போய்விட்டது. இன்று வேல்ஸில் அதிகம் கோப்பை வாங்கும் அணி அது. கோப்பைகள் குவிகின்றன, கிராமம் அதில் இல்லை. கடைசியில் அந்த ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரில் தனியாக ஒரு சின்னக் கிளப் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு கதை ரில் என்ற கடலோர ஊர். 1879-ஐத் தன் பிறந்த வருடமாகச் சொல்லும் கிளப். இரண்டு தடவை வேல்ஸ் சாம்பியன். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், பணமில்லாமல் மூடினார்கள். அதாவது நம்ம சென்னை சிட்டிக்கு வந்த அதே சமயத்தில் அதே வியாதி. ஆனால் ரில் ரசிகர்கள் அதே வருடமே கூடி, பெயரிலேயே 1879-ஐச் சேர்த்து, ரசிகர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் புதுக் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். கீழ் டிவிஷனிலிருந்து மறுபடி ஆட்டம்.

பேங்கர் என்ற ஊர் இன்னும் ஒரு படி மேலே. பேங்கர் சிட்டி 1876-ல் பிறந்தது. 1962-ல் இத்தாலியின் நேப்போலி அணியைச் சொந்த மண்ணில் 2-0 என்று அடித்தவர்கள். பிறகு கிளப் கை மாறி, கடன் ஏறி, கோளாறு ஆனது. ரசிகர்கள் கிளப் சாகும் வரை காத்திருக்கவில்லை. 2019-லேயே "பேங்கர் 1876" என்று தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். பழைய கிளப் 2022-ல் லீகை விட்டே போனது. அதற்குள் புதிது ஓடிக்கொண்டிருந்தது.

பேங்கரின் ஜனத்தொகை ஆரணியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர்களால் முடிந்திருக்கிறது.

கோயம்புத்தூரில் பத்து லட்சத்துக்கு மேல் ஜனம். தேசிய சாம்பியன் அணி போனபோது ஏன் ஒரு "கோவை 2019" பிறக்கவில்லை? கோவைக்காரர்களுக்குப் பாசம் இல்லை என்று நான் நம்பவில்லை. சில பருவங்கள் முன்னால்தான் வந்து இறங்கிய அணி அது. பெயரில் அவர்கள் ஊர் கிடையாது. கூடி உட்கார ஒரு உறுப்பினர் பட்டியல் கிடையாது. பாசத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

தறி வந்தாச்சு

எங்கள் பக்கம் பட்டு நெசவு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தறி வீட்டில் இருக்கும். நெய்கிறவருக்கு இரண்டு வழி. ஒன்று, தனியார் முதலாளியிடம் நெய்வது. பட்டு, ஜரிகை, டிசைன் எல்லாம் அவருடையது. நெய்து கொடுத்தால் கூலி. நல்ல முதலாளியாக இருந்தால் கல்யாணத்துக்கு முன்பணமும் கொடுப்பார். நாளைக்கு அவர் தொழிலை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட்டுக்குப் போனால் தறியில் பாவு ஏறாது. கேட்க முடியாது. அவர் பணம், அவர் இஷ்டம்.

இரண்டாவது வழி சொசைட்டி. கூட்டுறவு நெசவாளர் சங்கம். அங்கேயும் பட்டு அவர்கள் கொடுப்பதுதான், கூலி அவர்கள் தருவதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வித்தியாசம்தான். நெய்கிறவர் பங்குத்தொகை கட்டிய உறுப்பினர். பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று "கணக்கைக் காட்டு" என்று கேட்கலாம். ஒரு பங்கு வைத்திருந்தாலும் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. இந்த ஊர்ச் சங்கங்கள் நெய்வதை விற்க மாநில அளவில் ஒரு தலைமைச் சங்கம் 1935-லேயே வந்துவிட்டது. அதுதான் நாம் தீபாவளிக்குப் போகும் கோ-ஆப்டெக்ஸ்.

நான் சொல்ல வருவது புரிந்திருக்கும். நம்ம ஊரில் கால்பந்துக் கிளப் எல்லாம் முதல் வழியில் ஓடுகின்றன. ஆட்டக்காரர் கூலிக்கு நெய்கிறார், ரசிகர் சேலை வாங்குகிறார், பாவு முதலாளியுடையது. அவர் நிறுத்தினால் எல்லாம் நின்றது. கிளப் என்பது இரண்டாவது வழியில் ஓட வேண்டிய சமாச்சாரம் என்பது என் கருத்து. ஊர்க்காரன் உறுப்பினராக, ஓட்டுள்ளவனாக இருக்க வேண்டும்.

இது ஏதோ நான் கண்டுபிடித்த புரட்சி இல்லை. பார்சிலோனா, ரியல் மாட்ரிட் இரண்டும் உறுப்பினர்களின் கிளப்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்களில் பாதிக்கு மேல் ஓட்டுரிமை உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கிலாந்தில் 2002-ல் விம்பிள்டன் அணியை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதி கொடுத்தபோது, ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஆரம்பித்து, ஒன்பதே வருடத்தில், 2011-ல், தொழில்முறை லீகுக்குள் ஏறி வந்தார்கள். பார்சிலோனா ஜெர்சி போட்டுக்கொண்டு சுற்றும் என் நண்பர்களுக்கு அந்த ஜெர்சியின் கிளப் ஒரு சொசைட்டி என்று தெரியுமா தெரியவில்லை. ஹி ஹி.

"ரொம்பத்தான் கனவு காணாதே"

பின்னூட்டத்தில் என்ன வரும் என்று தெரியும். நானே கேட்டுக்கொள்கிறேன்.

*சொசைட்டி என்றால் ஊழல், அரசியல்.* உண்மை. தேர்தலே நடக்காமல் தனி அலுவலரை வைத்து வருடக்கணக்கில் ஓட்டிய சங்கங்களை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். கூலி பாக்கி கதைகளும் உண்டு. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் தேர்தல்களிலும் கோஷ்டி அடிதடிதான். பார்சிலோனா கழுத்து வரை கடனில் மூழ்கியது. உறுப்பினர் கிளப் என்றால் யோக்கியமான கிளப் என்று நான் சொல்லவே இல்லை. மோசமாக நடத்தினாலும் மறுபடி எழுப்ப ஆள் இருக்கும் கிளப் என்றுதான் சொல்கிறேன். இரண்டும் வேறு.

*பத்து ரூபாய் சந்தாவில் ஐ-லீக் நடத்த முடியுமா?* முடியாது. பெரிய லீகுக்குப் பெரிய பணம் வேண்டும், பணக்காரர் வேண்டும். வரட்டும். ஆனால் பெயர், நிறம், ஊர், இந்த மூன்றும் விற்பனைக்கு இல்லை என்று உறுப்பினர் கையில் இருக்கட்டும். பணம் போட்டவர் போனால் பணம் மட்டும் போகும். அணி இரண்டு டிவிஷன் கீழே இறங்கி ஆடும். இறங்குவது அவமானம் இல்லை. ரில் இறங்கித்தான் ஆடுகிறது.

*தமிழ்நாட்டில் இதெல்லாம் நடக்காது.* இங்கேதான் எனக்குக் கோபம் வரும். கன்னியாகுமரிக் கடலோர ஊர்களைப் பாருங்கள். ஊரே சேர்ந்து கிளப் வைத்திருக்கிறது, ஊர்ப் பணத்தில் டோர்னமென்ட் நடக்கிறது. சூசைராஜ் வந்தது அப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான். அவரை ஐ-லீகில் காட்டிய கம்பெனிக் கிளப் போய்விட்டது. அந்தக் கடற்கரையில் பையன்கள் இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

*சென்னையின் எஃப்.சி. இருக்கே, அது போதாதா?* 2025 ஆகஸ்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். லீகை நடத்தும் ஒப்பந்தத்தில் சிக்கல் வந்து ஐ.எஸ்.எல். நடக்குமா என்றே தெரியாமல் போனது. சென்னையின் எஃப்.சி. தன் கால்பந்துச் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. பெங்களூர் அணி சம்பளத்தை நிறுத்தி வைத்தது. இரண்டு தடவை சாம்பியனான அணிக்கே அந்தக் கதி என்றால், அதன் ரசிகன் அன்றைக்கு என்ன செய்ய முடிந்தது? ட்வீட் போட முடிந்தது.

எங்கள் தெரு லெவலில்

பெரிய கிளப்பை விடுங்கள். எங்கள் தெருப் பக்கம் ஒரு வாலிபால் டீம் இருந்தது. மூன்று பொங்கலுக்குச் சுற்று வட்டாரத்தில் நல்ல பெயர். நெட்டும் பந்தும் ஒரு அண்ணன் சொந்தக் காசில் வாங்கியது. தங்கமான மனுஷன். அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. நெட் அவர் வீட்டுப் பரணில் ஏறியது. "தம்பி, எடுத்துக்கோங்கடா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் வீட்டில் போய் எடுக்க ஒருத்தருக்கும் கூச்சம். அது அவர் நெட் என்றுதான் எல்லாருக்கும் மனசில் இருந்தது. தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு வாங்கியிருந்தால் அது எங்கள் நெட். யார் ஓசூர் போனாலும் கம்பத்தில் கட்டியிருக்கும்.

சென்னை சிட்டியின் கதையும் இந்த நெட்டின் கதையும் எனக்கு ஒன்றுதான். சைஸ்தான் வேறு.

கிராமத்தில் பையன்கள் ஆட ஆரம்பிப்பது இருபது வயதுக்குள். இருபத்தைந்தில் வேலை, கல்யாணம், ஊர் மாற்றம். எந்த அணியும் ஒரு தலைமுறையைத் தாண்ட வேண்டுமென்றால் அது ஆள் பெயரில் இருக்கக் கூடாது, ஏட்டில் இருக்க வேண்டும். அதற்கு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதிவு செய்யலாம். ஒரு பெயர், ஒரு நோக்கம், ஒரு வங்கிக் கணக்கு, வருடத்துக்கு ஒரு பொதுக்குழு. கால்பந்துக்கு ஒரு பக்கம் ஆடவே பதினொரு பேர் வேண்டும், பதிவுக்கு ஏழு பேர் போதும்!

இன்னொன்றும் சேர்த்துச் செய்ய வேண்டும். எழுதி வைப்பது. வேல்ஸ் கிராமக் கிளப்களின் பழைய ஸ்கோர், ஆடியவர் பெயர், குரூப் போட்டோ எல்லாம் கிடைக்கிறது. யாரோ ஒரு செயலாளர் நோட்டில் எழுதி வைத்த புண்ணியம். நம்ம ஊரில் போன வருடப் பொங்கல் டோர்னமென்ட்டில் யார் ஜெயித்தது என்று கேட்டால் டீக்கடையில் மூன்று பதில் வரும். கோப்பை எங்கே என்று கேட்டால் யாரோ வீட்டு டிவி மேல். மறுபடி ஆரம்பிக்கிறவனுக்கு முதலில் தேவைப்படுவது பணம் இல்லை, "நமக்கு முன்னால் இங்கே ஒரு அணி இருந்தது" என்ற நினைப்பு. ரில்காரர்களுக்கு 1879 இருந்தது. நமக்கு ஒரு நாற்பது பக்க நோட்டாவது இருக்கட்டும்.

சென்னை சிட்டியைத் திரும்பக் கொண்டு வர முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த அணி ஏதாவது ஒரு தமிழ்நாட்டு ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு, புது ஜெர்சியோடு வந்து "இது உங்கள் அணி" என்று மேளம் அடிக்கும்போது நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். "உறுப்பினர் படிவம் எங்கே கிடைக்கும்?" அதற்குப் பதில் இல்லையென்றால் ஆட்டம் பாருங்கள், கை தட்டுங்கள், ஜெர்சியும் வாங்குங்கள். "எங்கள்" என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் ஊரில் இருந்து காணாமல் போன அணி ஏதாவது உண்டா? கால்பந்தோ, கபடியோ, வாலிபாலோ. ஆரம்பித்த வருடம், ஆடிய மைதானம், நின்றுபோன காரணம், மூன்றையும் எழுதுங்கள். நோட்டை நான் வாங்கிவிட்டேன், முதல் பக்கத்தில் பரணில் இருக்கும் அந்த நெட்டை எழுதியாகிவிட்டது.